மாம்பழத்தோடு மிளகாயா? சமையல் கேள்வி பதில்

சென்ற இதழில் வறுத்த மீனுக்குத் துணையாக 'மாம்பழச் சல்சா' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், மற்ற பத்திகள் அனைத்துக்கும் வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அடுப்பே தேவைப்படாத அந்தத் தொடுகறிக்குத்தான்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: டெக்சஸில் வேலை பார்க்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, மாம்பழத்தில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து 'ஃப்ரூட் சல்சா' என்று ஒன்றைச் செய்து கொடுத்தாள். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் பழக் கலவையில் வெங்காயம் போடுவது முறைதானா? இது நம் மாங்காய்ப் பச்சடியின் மறுபெயரா?

முறைதான், அம்மா. அதைப் பழக் கலவை என்று எண்ணிக்கொள்வதால்தான் வெங்காயம் உங்களுக்கு உறுத்துகிறது. 'சல்சா' என்பது தொட்டுக்கொள்ளவும் மேலே ஊற்றிக்கொள்ளவும் பயன்படும் எல்லாவற்றுக்கும் ஸ்பானிய மொழியில் உள்ள பொதுப்பெயர். உப்பிடப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. பெயரிலேயே உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தப் பண்டத்தில் செய்யப்படும் தவறுகளில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

பெயர் ஐரோப்பியருடையது என்றாலும் பண்டம் மெக்சிகோவினுடையது. 1529-இல் அந்நாட்டுக்குச் சென்ற பெர்னார்தினோ தே சாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார், அஸ்டெக் மக்களின் வாழ்க்கையைப் பற்றித் தொகுத்த பெருநூலில், சந்தையில் தக்காளி, மிளகாய், பூசணி விதை ஆகியவற்றால் செய்த தொடுகறிகளை விற்றவர்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. இன்று அங்கே பச்சையாக நறுக்கிக் கலக்கப்படும் வகைக்குப் 'பிகோ தே காயோ' என்று பெயர். சேவலின் அலகு என்று பொருள். பெரும்பாலான இடங்களில் அது தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவற்றின் கலவையைக் குறிக்கும். ஆனால் ஹலிஸ்கோ மாநிலத்தில் அதே பெயரைச் சொன்னால் ஆரஞ்சு, வெள்ளரி, ஹிகாமா என்ற நீர்ச்சத்துள்ள கிழங்கு ஆகியவற்றை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவித் தருவார்கள். ஆகவே பழத்தோடு மிளகாய் சேர்வது அமெரிக்க உணவகங்களின் கண்டுபிடிப்பு அன்று. 1980-களில் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிச் சமையல்காரர்கள் மாம்பழச் சல்சாவைச் சுட்ட மீனோடும் கோழியோடும் பரிமாறி அதற்குப் பெயர் வாங்கித் தந்தார்கள், அவ்வளவே.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மாமரம் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியதன்று. மெக்சிகோவில் இன்றும் ஒரு மாம்பழ வகைக்கு 'மணிலா' என்றே பெயர். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் நினைவு அதில் ஒட்டியிருக்கிறது. 'மேங்கோ' என்ற சொல்லோ, நம் மாங்காயையும் மலையாளத்து மாங்ங என்ற சொல்லையும் கேட்ட போர்த்துக்கீசியர் 'மங்கா' என்று எழுதிக்கொண்டதிலிருந்து கிளைத்தது. அதே போர்த்துக்கீசியர்தான் 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இங்கே கொண்டுவந்தார்கள். மிளகைப் போலக் காரமான காய் என்று நாம் அதற்குப் பெயர் வைத்தோம். உங்கள் மகளின் கிண்ணத்தில் மாம்பழம், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவை கடல் கடந்து அங்கே போனவை. மிளகாய் அங்கிருந்து இங்கே வந்தது.

மாங்காய்ப் பச்சடி வெல்லம் சேர்த்து வேகவைப்பது. ஆகவே அது வேறு. உறவு தேட வேண்டுமானால் கோசம்பரியிடம் தேடலாம். அதிலும் எலுமிச்சை, உப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி ஆகியவை வேகாமல் சேர்கின்றன. ஊறவைத்த பாசிப்பருப்பும் தாளிப்பும் மட்டுமே அதைப் பிரித்துக் காட்டுகின்றன.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: அளவுகளோடு ஒரு செய்முறையைத் தாருங்கள். 'தேவையான அளவு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. நான்கு பேருக்கான அளவைச் சொல்கிறேன். தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழச் சதை 300 கிராம் வேண்டும்; நடுத்தர அளவுப் பழங்கள் இரண்டில் இது கிடைக்கும். கெட்டியான தக்காளி ஒன்று, சிறிய வெள்ளரிப் பிஞ்சு ஒன்று, பெரிய வெங்காயம் பாதி (ஏறத்தாழ 40 கிராம்), பச்சை மிளகாய் ஒன்று, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. எண்ணெய் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

முதலில் வெங்காயத்தை உளுந்தைவிடச் சற்றே பெரிய துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் பாதியை அதன்மேல் ஊற்றி, கால் மணி நேரம் தனியே வையுங்கள். வெங்காயத்தின் நெடி அடங்கும். சிவந்த வெங்காயமானால் புளிப்புப் பட்டவுடன் அழகான இளஞ்சிவப்பாக மாறும். அந்த நேரத்தில் மாம்பழத்தைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். இந்த அளவுதான் முக்கியம்: பெரிதாக நறுக்கினால் ஒரு வாயில் மாம்பழம் மட்டும் வரும், பொடியாக நறுக்கினால் கூழாகும். ஒவ்வொரு கரண்டியிலும் எல்லாப் பொருளும் ஏற வேண்டும் என்பதே சல்சாவின் இலக்கணம். தக்காளியை நான்காக வகுந்து, விதையும் சாறுமாக உள்ள நடுப்பகுதியை வழித்து எடுத்துவிட்டு (அதை ரசத்தில் போடுங்கள், வீணாக்க வேண்டாம்), சதையை மட்டும் அதே அளவில் நறுக்குங்கள். வெள்ளரிக்கும் அவ்வாறே விதைப்பகுதியை நீக்கிவிடுங்கள். மிளகாயை எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்குங்கள்.

பரிமாறுவதற்கு 15 நிமிடத்துக்கு முன்பு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மீதி எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் சேர்த்து, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாக இரண்டு முறை மட்டும் புரட்டுங்கள். பிறகு ருசி பார்த்துத் திருத்துங்கள். இனிப்பு முன்னே நிற்கிறது என்றால் எலுமிச்சையைக் கூட்டுங்கள். எல்லாம் மந்தமாக இருக்கிறது என்றால் ஒரு சிட்டிகை உப்பு. நாக்கில் முதலில் புளிப்பும் உப்பும் தெரிந்து, பிறகு பழத்தின் இனிப்பு வந்து, கடைசியில் காரம் தங்க வேண்டும். இந்த வரிசை அமைந்துவிட்டால் வேறு எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

எலுமிச்சையைப் பற்றி ஒரு சொல். நம் கடைகளில் கிடைக்கும் சிறிய, மெல்லிய தோலுடைய எலுமிச்சையும் மெக்சிகோவில் 'லிமோன்' என்று சொல்லப்படுவதும் ஒரே இனம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரிய மஞ்சள் நிறப் பழத்தை வாங்காமல் பச்சை நிறப் பழத்தையே வாங்க வேண்டும். மணம் முற்றிலும் வேறு.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: செய்முறை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. என்ன தவறு?

உப்பைச் சீக்கிரம் போட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் நானும் இதைச் செய்து அவமானப்பட்டிருக்கிறேன்: மாலை விருந்துக்காகக் காலையிலேயே எல்லாவற்றையும் கலந்து வைத்து, மாலையில் திறந்து பார்த்தபோது இருந்தது சல்சா அன்று, மாம்பழத் துண்டுகள் மிதக்கும் பானகம்.

நறுக்கிய பழத்தின் மேற்பரப்பில் உப்பு படும்போது, வெளியே உப்பின் செறிவு மிகுவதால், உள்ளே செல்களில் இருக்கும் நீர் வெளியேறிச் சமநிலைக்கு வர முயல்கிறது. சர்க்கரையும் இதையேதான் செய்யும். அதனால்தான் சர்க்கரையே வேண்டாம் என்றேன். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பிட்டு வைக்கும்போது நாம் வேண்டி வரவழைக்கும் நீர் இது. அங்கே நன்மையாக இருப்பது இங்கே கெடுதலாகிறது.

இதைத் தடுக்க மூன்று இடங்களில் கவனம் வேண்டும். தக்காளி, வெள்ளரி ஆகியவற்றின் விதைப்பகுதியை நீக்குவது ஒன்று. தக்காளியை மட்டும் முன்கூட்டியே ஒரு சிட்டிகை உப்புடன் வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்து, வடியும் நீரைத் தனியே எடுத்துவிடுவது இரண்டாவது. இந்த ஒரு சிட்டிகையைப் பிறகு சேர்க்கும் உப்பில் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மழுங்கிய கத்தியைத் தவிர்ப்பது. மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய ஒவ்வொரு துண்டும் சாற்றை இழக்கிறது. கத்தியைத் தீட்டிக்கொண்டு மறுபடி செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அருவாமனையில் நறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவது குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் சிறிது சாறு ஊறத்தான் செய்யும். அதைக் கொட்டிவிடாதீர்கள். எலுமிச்சையும் மாம்பழமும் மிளகாயும் கலந்த அந்தச் சாறு, சுட்ட மீனின் மேல் ஊற்றத் தகுந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் இதைச் செய்யலாமா?

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகர்: இங்கே கிடைக்கும் மாம்பழங்களில் எதை வாங்குவது?

இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். சாப்பிட மிகச் சிறந்த பழம் சல்சாவுக்கு மிகச் சிறந்த பழம் அன்று. தோலை உரித்தவுடன் முழங்கை வரை சாறு வழியும் பழம் கிண்ணத்தில் கரைந்துவிடும். அதன் இனிப்பும் மிளகாயை ஒதுக்கித் தள்ளும். வேண்டியது செங்காய்ப் பதம்: காம்பின் அருகே மணம் வரத் தொடங்கியிருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக நெகிழ வேண்டும், கடித்தால் பல்லுக்குச் சிறிது வேலை இருக்க வேண்டும். தோலின் நிறத்தை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வகையின் அடையாளம், பதத்தின் அடையாளம் அன்று.

கறுத்தக்கொழும்பானில் செய்யலாம், ஆனால் முற்றிப் பழுப்பதற்கு இரண்டு நாள் முன்பு. நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பானை மிளகாயோடு கலப்பதை என் மனம் ஒப்பவில்லை. அதை அப்படியே சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதே பதிலைத்தான் இமாம்பசந்துக்கும் மல்கோவாவுக்கும் சொல்வேன். கிளிமூக்கு மாம்பழம் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும்: சதை கெட்டி, இனிப்போடு புளிப்பும் உண்டு, விலையும் குறைவு. பங்கனபள்ளியில் நாரில்லாததால் துண்டுகள் அழகாக விழும். ஆனால் புளிப்புக் குறைவு என்பதால் எலுமிச்சையை அரை மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும். இனிப்பு மிகுந்த பழம்தான் வீட்டில் இருக்கிறது என்றால், கால் பங்கு மாங்காயைத் துருவாமல் பொடியாக நறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மெக்சிகோக்காரர் முறையன்று, என்னுடையது.

டொரன்டோ வாசகருக்கு: வசந்த காலத்தில் மெக்சிகோவிலிருந்து வரும் சிறிய, மஞ்சள் நிற, சற்றே வளைந்த 'அதவுல்ஃபோ' பழத்தை வாங்குங்கள். அந்நாட்டின் தெற்கே சியாபாஸ் மாநிலத்துச் சொகொனுஸ்கோ பகுதியில் உருவான வகை அது. கொட்டை மெல்லியது, நார் கிடையாது. தோல் சுருங்கினால் பழம் முழுமையாகப் பழுத்துவிட்டது என்று பொருள். நீங்கள் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சிவப்பும் பச்சையுமாகப் பெரிதாக இருக்கும் 'டாமி அட்கின்ஸ்' நார் மிகுந்தது, மணம் குறைந்தது. ஆனால் துண்டு உடையாமல் நிற்கும் என்பதால் அதை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: அயல்நாட்டுச் செய்முறைகளில் ஹாலப்பீனோ மிளகாய் என்று சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக எதைப் போடுவது? என் மாமியாருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது.

வெராக்ருஸ் மாநிலத்தின் தலைநகரான ஹலாப்பாவின் பெயரைத் தாங்கிய மிளகாய் அது. தடித்த சதை, மிதமான காரம். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் (வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் 1912-இல் வகுத்த முறை இது) ஹாலப்பீனோ 2,500 முதல் 8,000 வரை வரும். மெக்சிகோவில் பச்சைச் சல்சாவுக்கு மிகுதியாகப் பயன்படும் செரானோ 10,000-த்தைத் தாண்டும். யுகத்தான் பகுதியின் ஆபனேரோவோ ஒரு லட்சத்துக்கும் மேல். அங்கே ஆபனேரோவையும் வெங்காயத்தையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் கலந்து செய்யும் சல்சாவுக்கு மாயா மொழியில் 'நாயின் மூக்கு' என்று பெயர். சாப்பிட்டவரின் மூக்கு நாயின் மூக்கைப்போல ஈரமாகிவிடுமாம்!

நம் கடைப் பச்சை மிளகாய் என் நாக்குக்குச் செரானோவை ஒட்டியே நிற்கிறது. ஹாலப்பீனோவின் தடித்த சதையும் மிதமான காரமும் வேண்டுமென்றால், பஜ்ஜி மிளகாயில் பாதியைப் பொடியாக நறுக்கி, அதனோடு பச்சை மிளகாய் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாருக்காக இன்னொன்று. காரம் விதையில் இருப்பதாகப் பலரும் எண்ணி, விதையை மட்டும் தட்டிவிடுகிறார்கள். காரத்தைத் தரும் கேப்சைசின் உருவாவது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறத் திசுவில். விதைக்கு அது ஒட்டி வந்த காரம்தான். மிளகாயை நீளவாக்கில் பிளந்து, கத்தி முனையால் அந்த வெண்மையை முழுவதும் சீவி எடுத்துவிட்டால் பச்சை மிளகாயின் மணம் நிற்கும், காரத்தின் பெரும்பகுதி போய்விடும். அப்படியும் காரம் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது, ஏனெனில் கேப்சைசின் நீரில் கரைவதில்லை. ஒரு கரண்டி தயிர் உதவும்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: என் மனைவிக்குக் கொத்தமல்லித்தழையின் வாசனையே பிடிக்காது. சோப்பு மணக்கிறது என்கிறாள்.

பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தமல்லியின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகளைப் போன்றவை சோப்பிலும் உண்டு. அவற்றை மிகுதியாக உணர்பவர்களிடம் மணத்தை அறியும் மரபணு ஒன்றில் வேறுபாடு இருப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. புதினாவைப் பாதி அளவில் போடுங்கள். மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: மாம்பழப் பருவம் முடிந்த பிறகு என்ன செய்வது? அன்னாசியில் செய்தபோது பிள்ளைகள் நாக்கு எரிகிறது என்றார்கள்.

அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைப்பது, ஆகவே நாக்கின் மேற்பரப்பையும் சிறிது பதம் பார்க்கிறது. சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். அன்னாசியை வட்டங்களாக அரிந்து, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் இருபுறமும் பழுப்பு நிறம் ஏறும் வரை சுட்டு, ஆறவைத்து நறுக்குங்கள். எரிச்சல் தணிவதோடு, சர்க்கரை கருகிய மணமும் சேர்ந்து சல்சா ஒரு படி உயர்ந்துவிடும். அன்னாசிக்குத் தக்காளி வேண்டாம், வெள்ளரி போதும்.

ஆனால் மாம்பழம் இல்லாத மாதங்களில் நான் முதலில் கை வைப்பது கொய்யாவில்தான். அமெரிக்கக் கண்டத்து வெப்ப மண்டலத்திலிருந்து வந்த பழம், மிளகாயோடு அதற்குப் பழைய உறவு. பேருந்து நிலையத்தில் கொய்யாவைப் பிளந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பவர் அந்த உறவைத் தெரிந்தே வைத்திருக்கிறார். பாதி பழுத்த கொய்யாவின் விதைப்பகுதியை வழித்துவிட்டு வெளிச்சதையை மட்டும் நறுக்கினால், நீர் விடாத, மொறுமொறுப்பான சல்சா கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஆனாலும் அப்படியே இருக்கும். பப்பாளியைச் செங்காயாக எடுத்து, எலுமிச்சையை இரட்டிப்பாக்குங்கள். தனக்கென்று புளிப்பே இல்லாத பழம் அது. தர்பூசணி பெரும்பாலும் தண்ணீர். உடனே சாப்பிடுவதானால் மட்டும் செய்யுங்கள். சப்போட்டா மெக்சிகோவைச் சேர்ந்த பழமேயானாலும் சல்சாவுக்கு ஆகாது, முயன்று பார்த்துவிட்டேன்.

ஸ்ட்ராபெரி, கிவி, ஆப்பிள் ஆகியவற்றில் சர்க்கரை சேர்த்து, பட்டைத்தூள் தூவிய சிப்ஸோடு அமெரிக்கர்கள் பரிமாறும் ஒன்றுக்கும் 'ஃப்ரூட் சல்சா' என்றே பெயர் சொல்கிறார்கள். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நன்றாக இருக்கும். ஆனால் உப்பும் மிளகாயும் இல்லாத அதைச் சல்சா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: நறுக்க நேரமில்லை. மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதாதா?

மாம்பழத்தை மிக்ஸியில் சுற்றினால் அது மாம்பழச்சாறு. மெக்சிகோவிலும் அரைத்துச் செய்யும் சல்சாக்கள் உண்டு; எரிமலைக் கல்லில் செதுக்கிய, மூன்று கால்களுள்ள 'மொல்காஹெத்தே' என்ற சிறு கல்லுரலில் மிளகாயையும் உப்பையும் முதலில் நசுக்கி, பிறகு சுட்ட தக்காளியைச் சேர்ப்பார்கள். நீங்கள் அந்த முறையில் பாதியைக் கடன் வாங்கலாம்: மிளகாய், உப்பு, கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றை மட்டும் சிறு உரலில் இடித்து, கையால் நறுக்கிய பழத்தோடு கலந்துவிடுங்கள். காரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். மிளகாய்த் துண்டு தனியே கடிபடாது. பழத்தை நறுக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: ஒரே முறை நிறையச் செய்து, பாட்டிலில் அடைத்து ஊறுகாய்போல ஒரு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் இந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை.

ஊறுகாய் கெடாமல் இருப்பது அதிலுள்ள மிகுதியான உப்பாலும் புளிப்பாலும் எண்ணெயாலும். சல்சாவில் உப்பு, மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெங்காயம், மிளகாய், பப்பாளி, இனிப்பு மிகுந்த மாம்பழம் ஆகியவை புளிப்புக் குறைந்த பொருட்கள்; அவற்றைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், புளிப்பை அளக்கும் பிஎச் அளவு 4.6-க்கு மேல் (அதாவது புளிப்புக் குறைவாக) இருக்கும் கலவையில், பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அதன் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரி சூட்டில் அழிவதில்லை. வெளிநாடுகளில் கண்ணாடிப் புட்டியில் விற்கப்படும் சல்சாக்கள் அமில அளவு சோதிக்கப்பட்டு, சூடுபடுத்தி அடைக்கப்பட்டவை. வீட்டில் ஒரு கை எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிவது அதற்கு ஈடாகாது.

குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் மறுநாள் வரை பயன்படுத்தலாம். சுவை முதல் நாளோடு போய்விடும். வெளியே வைப்பதென்றால் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நம் ஊர்க் கோடையில் இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உறையவைத்தால் பழத்தின் செல்கள் உடைந்து, உருகும்போது கூழாகிவிடும்.

வேகவைக்காத பண்டம் என்பதால் கழுவுவதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் 1,400-க்கும் மேற்பட்டோர் சால்மோனெல்லா தொற்றால் நோயுற்றபோது, முதலில் தக்காளியின் மீது பழி விழுந்தது. பிறகு மெக்சிகோவிலிருந்து வந்த ஹாலப்பீனோ, செரானோ மிளகாய்கள் பிடிபட்டன. மிளகாயையும் மாம்பழத்தையும் நறுக்குவதற்கு முன்பே, முழுதாக, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள்; தோலைச் சீவப்போகிறோமே என்று விட்டுவிட வேண்டாம், கத்தி தோலிலிருந்து சதைக்குக் கிருமியைக் கொண்டுபோகும். கொத்தமல்லியின் வேரை நறுக்கிவிட்டு, அகன்ற பாத்திரத்தில் நீர் மாற்றி மாற்றி அலசி, கடைசி அலசலைக் குடிநீரில் செய்யுங்கள். மீனோ கோழியோ வெட்டிய பலகையில் பழத்தை வைக்கவே வைக்காதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் சோளச் சிப்ஸ் வாங்குவதில்லை. இதை எதனோடு பரிமாறுவது?

சுட்ட அப்பளத்தோடு. வறுத்ததைவிடச் சுட்டது நல்லது, ஏனெனில் சல்சாவில் எண்ணெய் இல்லாத தெளிவே அழகு. மீன் சாப்பிடுபவர்கள் வஞ்சிரம் வறுவலின் மேல், மசாலாவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளலாம். பன்னீரைத் தோசைக்கல்லில் சுட்டு அதன்மேல் போட்டாலும் பொருந்தும். தயிர்சாதத்தோடு எப்படி இருக்கும் என்று இன்னொரு வாசகி கேட்டிருந்தார். சென்ற வாரம் செய்து பார்த்தேன்: கொய்யாச் சல்சா நன்றாக இருந்தது, அன்னாசிச் சல்சா தயிரைக் கசக்கச் செய்துவிட்டது. அன்னாசியைச் சுடாமல் போட்டது என் தவறு. மேலே கோயம்புத்தூர் வாசகிக்குச் சொன்ன அதே நொதியின் வேலைதான் அது.